துயரைச் சொல்வதும் துயரை விற்பதும்

(தொலைக்காட்சிச் செய்திகளின் எதிர்மறைப் போக்கும் ஊடகவியலாளரின் பொறுப்பும் என்னும் பொருளில், புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த தமிழர் இல்லம் ஒன்றின் மாலைப்பொழுதை ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் தகும். தந்தை பணி முடித்துத் திரும்பியிருக்கிறார். தாய் இரவு வேலைக்குப் புறப்படுமுன் சமையலை முடித்துக்கொண்டிருக்கிறார். அம்மம்மா தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறார். தரையில் கொப்பியை விரித்து வைத்து எட்டு வயதுப் பேத்தி வீட்டுப்பாடம் செய்கிறாள். திரையில் தமிழ் அலைவரிசை ஒன்றின் செய்தி ஓடுகிறது. சிவப்புப் பட்டையில் "சற்று முன்" என்னும் சொற்கள் மின்னுகின்றன. நொறுங்கிய பேருந்தொன்றின் காட்சி வருகிறது. அதே காட்சி மீண்டும் வருகிறது. மூன்றாம் முறையும் வருகிறது. பின்னணியில் நெஞ்சைப் பதறவைக்கும் இசை. தந்தை அலைவரிசையை மாற்றுகிறார். வாழும் நாட்டின் மொழியில் ஒரு கத்திக்குத்துச் செய்தி. குழந்தை தலை நிமிர்ந்து கேட்கிறாள்: "அம்மம்மா, உங்கட ஊரில எல்லாரும் சாகினமா?"

அக்குழந்தை அம்மம்மாவின் ஊரைக் கண்டதில்லை. அவ்வூரின் பள்ளிக்கூடமும் கோயில் திருவிழாவும் சந்தையும் அவளுக்குத் தெரியா. அந்த மண்ணைப் பற்றி அவள் அறிந்ததெல்லாம் திரையில் கண்டவையே. திரை அவளுக்குக் காட்டியதோ இறப்பும் அழுகையும் மட்டுமே. அவள் கேட்ட கேள்விக்கு விடை கூறும் கடமை அவ்வில்லத்துப் பெரியோருக்கு மட்டும் உரியதன்று. அச்செய்தியை ஆக்கியவருக்கும் உரியது. இன்றைய உரையின் பொருள் அதுவே.

தீய செய்தி தேவையற்றதா?

தொலைக்காட்சிச் செய்திகள் மீது சலிப்புற்றோர் பலர், "நல்லதைச் சொன்னால் என்ன?" என்று கேட்கின்றனர். கேள்வியின் பின்னுள்ள ஏக்கம் நியாயமானது. ஆயினும் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தமிழர்களால் இயலாது. தீய செய்தி சொல்லப்படாமற் போனால் என்ன நேரும் என்பதைத் தமிழர்கள் தம் அண்மைய வரலாற்றில் கண்டிருக்கின்றனர்.

2008 செப்ரெம்பரில் வன்னியிலிருந்து ஐ.நா. அமைப்புகளும் அனைத்துலக உதவி நிறுவனங்களும் வெளியேறுமாறு இலங்கை அரசினால் பணிக்கப்பட்டன. சுதந்திரமான ஊடகவியலாளர்களுக்குப் போர்முனைக்குச் செல்ல வழி இருக்கவில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, அங்கு நடந்தவற்றுள் பெரும்பகுதி உலகத் தொலைக்காட்சிகளில் காட்டப்படாமலே முடிந்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கை, இறுதிக்கட்டப் போரில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்கவியலாது எனக் கூறிற்று. அந்நாட்களில் உலகம் குறைவாகவே அறிந்தது. தீய செய்தி கூடியதனால் விளைந்த கேடன்று அது. செய்தியே இல்லாமற் போனதனால் விளைந்த கேடு.

தீய செய்தியைச் சொல்லியதற்காகவே உயிரை விலையாகக் கொடுத்தோரும் உளர். பி.பி.சி. தமிழோசையின் யாழ்ப்பாணச் செய்தியாளராகவும் பணியாற்றிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்ரோபர் 19 அன்று ஊரடங்கு வேளையில் தமது இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். சிங்களவரான லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று பணிக்குச் செல்லும் வழியில் கொல்லப்பட்டார். இவர்கள் இனிய செய்திகளை மட்டும் எழுதியிருந்தால் இவர்களைக் கொல்ல எவரும் முனைந்திருக்க மாட்டார்.

எதியோப்பியாவின் கோரெம் என்னுமிடத்திலிருந்து மைக்கேல் பேர்க் வழங்கிய பஞ்சச் செய்தி 1984 ஒக்ரோபர் 23 அன்று பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. முகமட் அமீனின் ஒளிப்பதிவில் வந்த அக்காட்சிகள் உலகை உலுக்கின. 1985 யூலை 13 அன்று நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சி வரை நீண்ட பெரும் உதவி இயக்கத்துக்கு அச்செய்தியே வித்தாயிற்று. அச்செய்தியில் இனிமை சிறிதும் இல்லை. ஆயினும் அது உயிர்களைக் காத்தது.

ஆதலின் வழக்கு நற்செய்திக்கும் தீச்செய்திக்கும் இடையிலானதன்று. துயரைச் சொல்வதற்கும் துயரை விற்பதற்கும் இடையிலானது. எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம் என்றொரு பழமொழி தமிழில் உண்டு. எரிகிற வீட்டைப் பற்றி ஊருக்குக் கூவி அறிவிப்பவனும் உண்டு. அந்த நெருப்பில் இலாபம் தேடுபவனும் உண்டு. இருவரும் ஒரே வீட்டின் முன்னரே நிற்கின்றனர். வேறுபாட்டை அறிவதுதான் பார்வையாளரின் கடமை.

தொலைக்காட்சி ஏன் தீயதை நாடுகிறது?

இப்போக்குக்குக் காரணம் செய்தியாளரின் தீய எண்ணம் என்று கூறிவிடுதல் எளிது. உண்மை அதனினும் ஆழமானது. நோர்வே அறிஞர்களான யோகான் கல்துங், மாரி ஹோல்ம்போ ரூகே ஆகிய இருவரும் 1965 இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் இத்துறையில் முதற்பாடமாக விளங்குகிறது. கொங்கோ, கியூபா, சைப்பிரஸ் ஆகிய நாடுகளின் நெருக்கடிகளை நோர்வேச் செய்தித்தாள்கள் நான்கு எவ்வாறு எழுதின என்று அவர்கள் ஆராய்ந்தனர். திடீரென நிகழ்வது, தெளிவாகத் தெரிவது, வல்லரசுகளையும் புகழ்பெற்றோரையும் சார்ந்தது, தீயது ஆகியவை எளிதிற் செய்தியாகின்றன என்று கண்டனர். வல்லமை குறைந்த நாடொன்று செய்தியில் இடம்பெற வேண்டுமாயின் அங்கே நிகழ்வது மிகத் தீயதாக இருத்தல் வேண்டும் என்றும் கூறினர். அம்மம்மாவின் ஊர் மேலைநாட்டுத் திரையில் பேரழிவின்போது மட்டும் தோன்றுவதன் காரணம் இதுவே.

நன்மை பெரும்பாலும் மெல்ல வளர்கிறது. தீமை பெரும்பாலும் ஒரு நொடியில் நிகழ்கிறது. மரம் வளர்வதைப் படம்பிடிக்கச் செய்தியாளர் செல்வதில்லை. அது முறிந்து வீழ்ந்தால் ஓடிச் செல்கின்றார். இலங்கையில் 1999 இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் மலேரியாவுக்கு உள்ளாயினர். 2016 செப்ரெம்பர் 5 அன்று இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. போர்க்காலத்திலும் நுளம்பு ஒழிப்புக்கும் குருதிச் சோதனைக்கும் உழைத்த களப்பணியாளர்களின் வெற்றி அது. ஆனால் காய்ச்சல் வராத குழந்தையைப் படம்பிடிக்க வழியில்லை. அச்சான்றிதழ் நாளின் செய்தியை நினைவிற் கொண்டுள்ள தமிழில்லங்கள் எத்தனை?

மெல்ல நிகழும் நன்மை மட்டுமன்றி, மெல்ல நீளும் துயரமும் திரையிலிருந்து மறைகிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். ஆண்டுகள் பல கடந்தும் தாய்மார் படங்களை ஏந்தி அமர்ந்தனர். விடை அறியாமலே இறந்தோரும் அவர்களுள் உளர். அத்துயரில் வெடிப்பும் இல்லை, தீப்பிழம்பும் இல்லை; ஆதலின் அதற்குச் சிவப்புப் பட்டையும் இல்லை. ஆகவே தொலைக்காட்சி தீயதை விரும்புகிறது என்பதினும், அதிர்ச்சி தருவதை விரும்புகிறது என்பதே சரியான கூற்று.

1980 யூன் 1 அன்று சி.என்.என். தொடங்கியதன் பின்னர், இருபத்துநான்கு மணிநேரமும் செய்தி என்னும் முறை உலகெங்கும் பரவியது. நாள் முழுவதும் பேசுவதற்குப் புதிய செய்தி இருப்பதில்லை. ஆதலின் பழைய காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஊகம் செய்தியின் இடத்தைப் பிடிக்கிறது. பார்வையாளர் அலைவரிசையை மாற்றிவிடலாகாது என்னும் அச்சம் குரலை உயர்த்தச் செய்கிறது.

"மக்கள் விரும்புவதைத்தான் தருகிறோம்" என்பது நிறுவனங்களின் விடை. இதில் ஓரளவு உண்மை உண்டு. 17 நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வொன்று, செய்தி பார்க்கையில் அவர்களின் இதயத் துடிப்பையும் தோலின் மாற்றங்களையும் அளந்தது. சராசரியாக நோக்கின் தீய செய்தி மனித உடலைக் கூடுதலாகக் கிளர்த்துகிறது என்று அது கண்டது. ஆயினும் அதே ஆய்வு மற்றொன்றையும் கண்டது: மனிதருக்கு மனிதர் பெரும் வேறுபாடு உண்டு, எல்லோரும் தீயதையே நாடுவதில்லை. மேலும், உடல் திடுக்கிடுவது வேறு, உள்ளம் விரும்புவது வேறு. வீதியில் அலறல் கேட்டால் எவரும் திரும்பிப் பார்ப்பர். அதனால் எவரும் அலறலை விரும்புகின்றனர் என்று கூறலாகாது.

விளையும் கேடுகள்

முதலாவது, அளவு பிறழ்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். தொலைக்காட்சி எடுத்துக் காட்டும் பருக்கை பானையின் அடியிற் கருகிய பருக்கை. அதைக் கொண்டு முழுப் பானையையும் மதிப்பிட்டால் முடிவு பிழைக்கும். அமெரிக்காவில் 1993 முதல் 2019 வரையான காலத்தில் வன்குற்ற வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென அந்நாட்டு எப்.பி.ஐ. தரவுகள் காட்டின. அதே காலத்தில் ஆண்டுதோறும் நடந்த கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவற்றில், குற்றம் முன்னைய ஆண்டைவிடக் கூடிவிட்டது என்றே மக்களுட் பெரும்பான்மையோர் கூறினர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோர்ஜ் கேர்ப்னர் இந்நிலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தொலைக்காட்சியை மிகுதியாகப் பார்ப்போர், உலகம் உண்மையில் இருப்பதைவிடக் கொடியது என்று நம்பத் தலைப்படுகின்றனர் என்பது அவர்தம் முடிபு. அவ்வாறு அஞ்சும் மக்கள் அயலவரை ஐயுறுகின்றனர். கடுஞ்சட்டங்களை எளிதில் ஏற்கின்றனர். வந்தேறிகள் என்று சுட்டப்படும் சமூகங்களுக்கு இந்த அச்சத்தின் விலை நன்கு தெரியும்.

இரண்டாவது, மீள மீளக் காட்டுவது நோய் செய்கிறது. 2013 ஏப்ரல் 15 அன்று பொஸ்டன் மரதன் ஓட்டத்தின்போது குண்டுகள் வெடித்தன. அதன் பின்னர் 4,675 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு வியப்பூட்டும் முடிவைத் தந்தது. அடுத்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணிநேரமோ அதற்கு மேலோ அது பற்றிய செய்திகளில் மூழ்கியிருந்தோர், வெடிப்பு நடந்த இடத்தில் இருந்தோரைவிடக் கூடுதலான மன அழுத்தத்தை வெளிப்படுத்தினர். தாயகத்தில் குண்டு வீழ்ந்த காலங்களில், உறக்கமின்றித் தொலைக்காட்சியின் முன் இரவைக் கழித்த புலம்பெயர் இல்லங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அங்கே உறவினரைப் பற்றிய அச்சமும் உடன் சேர்ந்திருந்தது.

மூன்றாவது, விரைவு பொய்க்குக் கதவு திறக்கிறது. அதே பொஸ்டன் நிகழ்வில், ஒருவர் கைது செய்யப்பட்டுவிட்டார் என்று ஏப்ரல் 17 அன்று சி.என்.என். உள்ளிட்ட ஊடகங்கள் அறிவித்தன. அவ்வாறு எவரும் அன்று கைது செய்யப்பட்டிருக்கவில்லை.

நான்காவது, உயிருக்கே தீங்கு நேரும். 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் தாக்குதல் தொடங்கியது. 166 பேர் உயிரிழந்தனர். தாஜ் விடுதியையும் ஏனைய இடங்களையும் பாதுகாப்புப் படையினர் சூழ்ந்தபோது, அலைவரிசைகள் அவர்களின் அசைவுகளை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தன. தாக்கியோரை எல்லைக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் இயக்கியவர்கள் அவ்வொளிபரப்பைப் பார்த்தபடியே அவர்களுக்கு வழிகாட்டினர். இவ்வழக்கில் 2012 ஓகஸ்ட் 29 அன்று தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், அந்த நேரடி ஒளிபரப்பு எவ்விதச் சமூக நோக்கத்துக்கும் உதவவில்லை, அலைவரிசைகள் தம் வணிக நலனுக்காகவே செயற்பட்டன என்று கடிந்துரைத்தது. ஊடகங்கள் தம்மைத் தாமே நெறிப்படுத்திக்கொள்ளும் என்னும் வாதத்தை ஊடகங்களே வலுவிழக்கச் செய்துவிட்டன என்றும் சுட்டியது. 2015 இல் இந்திய அரசு விதிகளைத் திருத்தி, இத்தகைய படை நடவடிக்கைகளை நேரடியாக ஒளிபரப்புவதைத் தடை செய்தது. தம்மைத் தாம் அடக்கிக்கொள்ளாத ஊடகம், அரசு தன்னை அடக்குவதற்குக் காரணத்தைத் தன் கையாலேயே வழங்குகிறது. சுதந்திரத்தை விரும்பும் செய்தியாளர் பொறுப்பையும் விரும்ப வேண்டியதன் காரணம் இதுவே.

செய்தியாளர் செய்யக்கூடியவை

பொறுப்பு என்பது வெறும் அறிவுரையன்று. அது நடைமுறையில் கைகூடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு.

வியன்னா நகரின் நிலக்கீழ்த் தொடருந்துப் பாதையில் 1980களின் நடுப்பகுதியில் தற்கொலைகள் பெருகின. செய்தித்தாள்கள் அவற்றைப் பெரிய தலைப்புகளில் விரித்து எழுதின. 1987 இன் நடுப்பகுதியில் அவுஸ்திரியாவின் தற்கொலைத் தடுப்பு வல்லுநர்கள் செய்தியாளர்களுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தளித்தனர். ஊடகங்கள் எழுதும் முறையை மாற்றிக்கொண்டன. அவ்வாண்டின் முற்பாதியோடு ஒப்பிடப் பிற்பாதியில் அப்பாதையில் தற்கொலைகளும் முயற்சிகளும் 80 சதவீதத்துக்கு மேற் குறைந்தன. செய்தி எழுதும் விதம் மாறியபோது மனிதர் உயிர் பிழைத்தனர். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு வழங்கும் நெறிகளுக்கு இவ்வனுபவமும் ஓர் அடித்தளமாகும்.

நியூயோர்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் 2001 செப்ரெம்பர் 11 அன்று தாக்கப்பட்ட பின்னர், விமானம் மோதும் காட்சி இடையறாது ஒளிபரப்பாயிற்று. சிறு குழந்தைகளால் மறு ஒளிபரப்பையும் புதிய நிகழ்வையும் வேறுபடுத்த இயலாது. ஒவ்வொரு முறையும் இன்னொரு விமானம் இன்னொரு கட்டிடத்தில் மோதுகிறது என்றே அவர்கள் எண்ணக்கூடும். சில நாட்களில் அமெரிக்காவின் ஏ.பி.சி. செய்திப் பிரிவு அந்த அசையும் காட்சியை மீண்டும் மீண்டும் காட்டுவதை நிறுத்தியது. அதனால் எந்த உண்மையும் மறைக்கப்படவில்லை.

பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, வன்னியின் இறுதிப் போர் பற்றிய 'இலங்கையின் கொலைக்களங்கள்' என்னும் ஆவணப்படத்தை 2011 யூன் 14 அன்று ஒளிபரப்பியது. காட்டப்பட்டவை காணச் சகியாதவை. ஆனால் அவை இரவு 11 மணிக்குப் பின்னர், சிறார் உறங்கும் வேளையில், தெளிவான எச்சரிக்கையுடன் காட்டப்பட்டன. காணொளிகள் வல்லுநரைக் கொண்டு ஆராயப்பட்டிருந்தன. முறைப்பாடுகளை விசாரித்த ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஒஃப்கொம், விதிமீறல் இல்லை என முடிவு செய்தது. கொடுமையைக் காட்ட வேண்டிய கட்டாயமும் பார்ப்போர் மீதான அக்கறையும் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

டென்மார்க்கின் அரச ஒளிபரப்பு நிறுவனத்தில் செய்திப் பணிப்பாளராக இருந்த உல்ரிக் ஹாகரூப், ஆக்கபூர்வச் செய்தியியல் என்னும் முறையை முன்வைத்து 2017 இல் ஓர்ஹூஸ் நகரில் அதற்கென ஒரு நிறுவனத்தை அமைத்தார். தீய செய்தியைக் கைவிடுதல் அம்முறையன்று. "என்ன நடந்தது?" என்பதோடு நின்றுவிடாது, "இனி என்ன செய்யலாம்? வேறெங்கேனும் இதனை வென்றுள்ளனரா?" என்றும் கேட்பதே அம்முறை.

இவற்றிலிருந்து செய்தியாளர் பார்வையாளருக்குப் பட்டிருக்கும் கடன்கள் நான்கு என்று தொகுக்கலாம். உறுதி செய்த பின்னரே சொல்லுதல் ஒன்று. காரணத்தைச் சேர்த்துச் சொல்லுதல் இரண்டு. அளவைச் சேர்த்துச் சொல்லுதல் மூன்று. திரும்பிச் சென்று பார்த்தல் நான்கு. எதியோப்பியச் செய்தி உலகை உலுக்கிற்று. ஆயினும் பஞ்சத்துக்கு வறட்சி மட்டுமே காரணம் என்று பலர் எண்ணினர். அரசுப் படைகள் நடத்திய போரும் பஞ்சத்தை வளர்த்தது என்பது பார்வையாளரைப் போதியளவு சென்றடையவில்லை. காரணம் விடுபட்டால் இரக்கம் பிறக்கும், நீதி பிறக்காது. திரும்பிச் செல்லாவிட்டால், வெள்ளத்தில் வீடிழந்தவர் மக்களின் மனத்தில் என்றென்றும் வெள்ளத்திலேயே நிற்பார். அவர் மீண்டும் கட்டிய வீட்டை எவரும் காணார்.

திருக்குறளில் வாய்மைக்கு ஓர் அதிகாரம் உண்டு. பயனற்ற சொல்லைத் தவிர்ப்பதற்கும் ஓர் அதிகாரம் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கற்ற செய்தியாளருக்கு வேறொரு நெறிநூல் தேவைப்படாது.

பெற்றோருக்கும் இளையோருக்கும்

அலைவரிசைகளை மாற்றும் வலிமை ஓர் இல்லத்துக்கு இல்லை எனப் பெற்றோர் எண்ணலாம். ஆயினும் இல்லத்தின் வரவேற்பறை பெற்றோரின் ஆட்சிக்கு உட்பட்டது. செய்திக்கென ஒரு நேரம் குறித்து, அந்நேரம் முடிந்ததும் தொலைக்காட்சியை நிறுத்துதல் முதற்படி. செய்தி நாள் முழுவதும் பின்னணி ஓசையாக ஓடும் வீட்டில் குழந்தைகள் கேட்பதில்லை என்று எண்ணுதல் தவறு. அவர்கள் கேட்கின்றனர், விளங்கிக்கொள்ள உதவி இன்றிக் கேட்கின்றனர்.

புலம்பெயர் நாடுகள் பலவற்றில் சிறாருக்கெனவே செய்தி நிகழ்ச்சிகள் உண்டு. பிரித்தானியாவில் பி.பி.சி. 1972 இல் 'நியூஸ்ரவுண்ட்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. நெதர்லாந்தில் 1981 இலும், ஜேர்மனியில் 'லோகோ' என்னும் பெயரில் 1989 இலும் இத்தகையவை தொடங்கின. போரையும் விபத்தையும் அவை சிறாரிடமிருந்து மறைப்பதில்லை. எளிய சொல்லில் காரணத்தைக் கூறுகின்றன. கொடூரக் காட்சிகளைத் தவிர்க்கின்றன. உதவி செய்வோரையும் காட்டுகின்றன. உண்மையில் பெரியவர்களுக்கான செய்தியும் இவ்விலக்கணத்தினின்று கற்கத்தக்கது நிறைய உண்டு. தமிழ் அலைவரிசைகளை நடத்துவோர் வாரத்துக்கு ஒரு முறையேனும் தமிழில் இத்தகைய சிறார் செய்தி ஒன்றைத் தருவாராயின், மொழியும் வளரும், அச்சமும் குறையும்.

தமிழ் அலைவரிசைகள் சமூகத்தின் ஆதரவில் நிற்பவை. சந்தாவிலும் தமிழ்க் கடைகளின் விளம்பரங்களிலும் வாழ்பவை. ஆகவே பார்வையாளரின் கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. இறந்தவரின் முகத்தை மறைக்காது காட்டியபோது, கதறும் தாயின் வாயருகே ஒலிவாங்கியை நீட்டியபோது, ஊகத்தைச் செய்தியென வாசித்தபோது, அமைதியாக, பெயரும் நாளும் நேரமும் குறித்து ஒரு கடிதம் எழுதுதல் வேண்டும். நன்கு ஆக்கிய செய்தியைக் கண்டபோதும் எழுதுதல் வேண்டும். பாராட்டுப் பெறாத நற்பணி நீடிப்பதில்லை.

இளையோரின் கைகளில் இன்று தொலைக்காட்சியை விடப் பெரிய கருவி உண்டு. கைபேசியில் காணொளியைப் பகிரும் ஒவ்வொருவரும் அந்நொடியில் ஒரு செய்தியாசிரியரே. இது எப்போது எடுக்கப்பட்டது, எங்கே எடுக்கப்பட்டது, இதிலுள்ளவரின் குடும்பம் இதனைப் பார்த்தால் என்னாகும் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்காது எதனையும் பகிர்தல் தகாது. வேறொரு நாட்டில் வேறோர் ஆண்டில் எடுத்த படத்தைத் தமிழர் துயரென்று ஒருவர் பரப்பினால், உண்மையான துயருக்குரிய சான்றும் ஐயத்துக்கு உள்ளாகும். தமக்கு நேர்ந்ததை உலகம் நம்ப வேண்டும் என்று விரும்பும் மக்களுக்கு உண்மையை விடப் பெரிய செல்வம் இல்லை.

ஊடகத்துறையை இளையோர் தொழிலாகவும் ஏற்றல் வேண்டும். மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்று எண்ணும் பெற்றோர், தம் மக்களுள் ஒருவரேனும் வாழும் நாட்டின் செய்தியறைக்குள் நுழைவதைத் தடுக்காதிருத்தல் நன்று. கிளிநொச்சித் தாய்மாரிடம் திரும்பிச் செல்லவும், மலேரியாவை வென்ற பணியாளரைத் தேடிச் செல்லவும், அம்மொழியும் அம்மண்ணும் அறிந்த ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும்.

இறுதியாக அக்குழந்தையின் கேள்விக்கு வருதல் வேண்டும். "உங்கட ஊரில எல்லாரும் சாகினமா?" என்று அவள் கேட்டபோது அம்மம்மா தொலைக்காட்சியை நிறுத்தலாம். தொலைபேசியை எடுத்து ஊரிலுள்ள தங்கையை அழைக்கலாம். மறுமுனையில் அத்தங்கை விபத்தைப் பற்றிக் கவலையுடன் கூறுவார். பேருந்துச் சாரதிகள் போட்டிக்கு ஓடுவதையும், வீதி திருத்தப்படாதிருப்பதையும் கூறுவார். காயமுற்றோருக்குக் குருதி கொடுக்க ஊர் இளைஞர் வரிசையில் நின்றதையும் கூறுவார். பின்பு, அடுத்த கிழமை கோயிற் கொடியேற்றம் என்றும், பேரன் சோதனையில் தேறிவிட்டான் என்றும் கூறுவார். நடந்தது, அதன் காரணம், உதவிக்கு வந்தவர்கள், அப்பாலும் தொடரும் வாழ்வு ஆகிய நான்கும் அந்த ஐந்து நிமிட உரையாடலில் அடங்கிவிடும். துயரை அவர் மறைக்கவில்லை, விற்கவும் இல்லை. ஊரிலுள்ள ஒரு மூதாட்டிக்கு இயல்பாகக் கைவரும் இச்செயலைப் பயிற்சியும் கருவியும் ஊதியமும் பெற்ற செய்தியாளரிடம் எதிர்பார்த்தல் மிகையாகாது.